பேடன்ட் ஆபீஸில் தூங்குகிற ஃபைல்



இரண்டு வாரமாக நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. "சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளுக்குப் புது மெஷின் தயார். பேடன்ட் ஆபீஸில் ஃபைல் தூங்குவதால்தான் நம் நாட்டுக்கு வரவில்லை. அனைவருக்கும் பகிரவும்." முதலில் போட்டவன் என் அண்ணன் மகன். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏன் போட்டான் என்பது தெரியும். ஆனால் அதில் இருக்கும் தப்பைச் சொல்லாமல் விட்டால் நான் முப்பத்து மூன்று வருஷம் சாக்பீஸ் பிடித்ததற்கு அர்த்தமில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் பேத்திக்குப் பதினோரு வயது. எட்டு வயதில் முதல் வகை சர்க்கரை நோய் என்று கண்டுபிடித்தார்கள். நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வருகிற சர்க்கரை மாதிரி இல்லை இது. அவளுடைய கணையம் இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது. இட்லி குறைத்தாலும் நடந்தாலும் சரியாகாது. தினமும் நாலு ஊசி. மேல் கையில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு சென்சார் ஒட்டினால் பதினாலு நாளைக்கு போனில் சர்க்கரை அளவு தெரியும். கையில் பணம் இருக்கிற மாதம் ஒட்டுவார்கள், இல்லாத மாதம் விரலில் குத்திப் பார்ப்பார்கள். ராத்திரி சர்க்கரை இறங்கிவிடுமோ என்று அவள் அம்மா மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து குத்திப் பார்க்கிறாள். மூன்று வருஷமாக.

அண்ணன் மகன் இன்டர்நெட்டில் ஒரு விண்ணப்பத்தைக் கண்டுபிடித்திருக்கிறான். சர்க்கரையை அளக்கும் சென்சாரும் இன்சுலின் செலுத்தும் பம்பும் ஒரே பட்டையில். உடம்பில் ஒட்டிக்கொண்டால் அதுவே அளந்து, அதுவே மருந்து விடும். நம் நாட்டு பேடன்ட் ஆபீஸ் அதற்கு ஆட்சேபணை எழுதியிருக்கிறது என்றும் பார்த்துவிட்டான். "அத்தை, உங்க ஸ்டூடண்ட் ஒருத்தர் அங்கதானே எக்ஸாமினரா இருக்கார்? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றான்.

மறைக்காமல் சொல்கிறேன், நான் போன் செய்தேன். பிள்ளையின் கஷ்டம் கண்ணை மறைத்துவிட்டது.

என் மாணவன் முழுவதையும் கேட்டான். பிறகு மெதுவாக, "டீச்சர், அந்த ஃபைல் யார் மேசையில இருக்குன்னுகூட நான் சொல்லக் கூடாது. நீங்க கேட்டதை நான் மறந்துடறேன்" என்றான். எனக்கு முகம் சுட்டுவிட்டது. மார்க் போடச் சொல்லி வீட்டு வாசலுக்கு வந்த எத்தனை பெற்றோரை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அவனே தொடர்ந்து, "ஆனா பப்ளிஷ் ஆன விண்ணப்பத்தையும் அதுக்கு ஆபீஸ் எழுதின ரிப்போர்ட்டையும் யார் வேணா படிக்கலாம். அதை நீங்களே படிங்க. சட்டம் என்னன்னு மட்டும் நான் சொல்லித் தரேன்" என்றான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு வந்தான். அண்ணன் மகனையும் வரச் சொன்னேன்.

அவன் சொன்ன முதல் விஷயத்திலேயே குரூப் செய்தி அடிபட்டுப் போயிற்று. பேடன்ட் என்பது விற்பதற்கான அனுமதி இல்லை. அதே பொருளை மற்றவர்கள் செய்யாமல் தடுக்கும் உரிமை. இந்த மாதிரிக் கருவியை இங்கே விற்க வேண்டுமானால் 2017-ஆம் வருஷத்து மருத்துவக் கருவிகள் விதிகளின்படி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். அது வேறு வாசல். பேடன்ட் கிடைக்காவிட்டாலும் கம்பெனி விற்கலாம். பேடன்ட் கிடைத்தாலும் லைசென்ஸ் இல்லாமல் விற்க முடியாது. ஆகவே பேடன்ட் ஃபைல் நகராததால் பாப்பாவுக்கு மெஷின் வரவில்லை என்பது சரியில்லை. அண்ணன் மகன் முகம் வாடிவிட்டது. குற்றம் சொல்ல ஒரு ஆள் இருந்தான், அந்த ஆளும் போய்விட்டான் என்கிற மாதிரி.

"அப்புறம் எதுக்குப்பா ஆட்சேபணை எல்லாம்?" என்று கேட்டேன்.

ரிப்போர்ட்டில் முக்கியமாக எழுதியிருந்தது பேடன்ட் சட்டத்தின் 3(எஃப்) பிரிவு. ஏற்கெனவே தெரிந்த கருவிகள், தனித்தனியாகத் தம் பழைய வேலையையே செய்துகொண்டிருந்தால், அவற்றைச் சும்மா சேர்த்து அடுக்குவது கண்டுபிடிப்பு ஆகாது. ஆபீஸ் கையேட்டிலேயே விசிறி மாட்டிய குடை, டார்ச் மாட்டிய வாளி என்றெல்லாம் உதாரணம் இருக்கிறதாம். குடை மழையைத் தடுக்கிறது, விசிறி காற்று வீசுகிறது. ஒன்றால் மற்றதற்கு ஒரு லாபமும் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். "டீச்சர், நம்ம ஸ்கூல் அறிவியல் கண்காட்சி ஞாபகம் இருக்கா?" எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒருவன் குடைக்காம்பில் டார்ச் லைட் கட்டிக்கொண்டு வந்தான், பார்க்க அழகாக இருந்தது. இவன் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மிதவையை விட்டு, தொட்டி நிரம்பினால் மணி அடிக்கிற மாதிரி செய்திருந்தான், ஒயர் எல்லாம் தொங்கிக்கொண்டு. நான் குடைக்கு முதல் பரிசும் மணிக்கு இரண்டாம் பரிசும் கொடுத்தேன். மிதவை மணியோடு பேசுகிறது, குடையும் டார்ச்சும் பேசிக்கொள்ளவே இல்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. (முதல் பரிசு வாங்கிய செல்லமே, நீயும் இதைப் படிப்பாய். பரிசைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.)

"அப்படின்னா சென்சாரும் பம்பும் பேசிக்குதே? அளவைப் பார்த்துத்தானே மருந்து விடுது?" என்று அண்ணன் மகன் மடக்கினான். நல்ல கேள்விதான். ஆனால் அந்தப் பேச்சு புதிது இல்லை. சர்க்கரையை அளக்க நொதியையும் மின்முனையையும் சேர்க்கலாம் என்று அமெரிக்காவில் லேலண்ட் கிளார்க் என்பவர் 1962-லேயே எழுதிவிட்டார். அர்னால்டு காடிஷ் என்ற டாக்டர் 1960-களின் தொடக்கத்திலேயே, தானாக அளந்து தானாக இன்சுலின் விடும் ஒரு கருவியைச் செய்தார். முதுகில் சுமக்கிற மூட்டை அளவுக்கு இருந்தது. 2016 செப்டம்பரில் அமெரிக்க அரசு, சென்சார் சொல்கிறபடி இன்சுலினைக் கூட்டிக் குறைக்கும் பம்புக்கு அனுமதியே கொடுத்துவிட்டது. அதனால் "அளக்கிறது, விடுகிறது, இரண்டையும் இணைத்தேன்" என்றால் மட்டும் போதாது.

நம் உச்ச நீதிமன்றம் 1978 டிசம்பரில் சொன்ன ஒரு தீர்ப்பையும் அவன் விளக்கினான். வழக்கு என்ன தெரியுமா? பாத்திரம்! உத்தரப் பிரதேசத்தில் பித்தளைப் பாத்திரங்களைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து வைத்துக் கடைவதற்கான அமைப்புக்கு ஒரு கம்பெனி பேடன்ட் வாங்கியிருந்தது. பழைய முறையில் பாத்திரம் தெறித்து ஓடிவிடுமாம். நல்ல உபயோகமான மாற்றம்தான். ஆனாலும் பட்டறையில் தொழில் தெரிந்தவர் செய்யக்கூடிய சாதாரண மேம்பாடு போதாது, பழைய பொருள்களைச் சேர்த்தால் புதிய விளைவோ மேலான, மலிவான பொருளோ வர வேண்டும் என்று சொல்லி பேடன்ட் ரத்தானது. இந்தத் தீர்ப்பை இன்னும் எடுத்துச் சொல்கிறார்களாம்.

இந்த இடத்தில் நான் கம்பெனிக்கு எதிராக முடிவு கட்டிவிட்டேன். அவசரம். அவர்கள் கொடுத்திருந்த பதிலைப் படித்ததும் யோசிக்க வேண்டியதாயிற்று.

இன்சுலின் குப்பியில் இன்சுலின் மட்டும் இல்லை. கெடாமல் இருக்க ஃபீனால், கிரெசால் மாதிரி பொருள்கள் கலந்திருக்கும். சென்சார் மின்சாரத்தை வைத்துத்தான் சர்க்கரையைக் கணக்குப் போடுகிறது. பக்கத்திலேயே இந்தப் பொருள்கள் இறங்கினால் அவையும் மின்முனையில் வினைபுரிந்து பொய்க் கணக்கு காட்டும். இல்லாத சர்க்கரையை இருப்பதாகக் காட்டினால் என்ன ஆகும்? மெஷின் இன்னும் இன்சுலின் விடும். தூங்குகிற குழந்தைக்கு அது ஆபத்து. அதனால்தான் இரண்டையும் உடம்பில் தள்ளித் தள்ளி வைப்பது வழக்கம். "தள்ளி வை என்று எல்லோரும் சொன்னதை நாங்கள் ஒரே இடத்தில் வைத்து, கணக்கும் கெடாமல் செய்திருக்கிறோம்" என்பதுதான் அவர்கள் பதிலின் சாரம். ஊசியின் அமைப்பு, மின்முனையின் மேல்பூச்சு, மருந்து எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்றெல்லாம் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் இது குடையும் டார்ச்சும் இல்லை என்பது புரிந்தது.

சங்கடம் என்னவென்றால், அவர்கள் உரிமை கேட்டது அந்த ஊசிக்கும் பூச்சுக்கும் மட்டும் இல்லை. முதல் கிளெய்மைப் படித்தால், உடம்பில் ஒட்டும் பட்டையில் எந்த சென்சாரை எந்தப் பம்போடு யார் சேர்த்தாலும் அது எங்களுடையது என்கிற மாதிரி அகலமாக இருந்தது. ஒரு கிணறு வெட்டிவிட்டு ஊருக்கே பட்டா கேட்பது போல. செய்தது எவ்வளவோ அவ்வளவுக்குக் கிளெய்மைச் சுருக்குங்கள் என்று கேட்பதுதான் பரிசோதனையின் பெரும்பகுதி வேலை என்றான் என் மாணவன். அளந்து மருந்து கொடுக்கும் சிகிச்சை முறைக்கும் தனியாக ஒரு கிளெய்ம் இருந்தது. அது 3(ஐ) பிரிவில் நேராகவே அடிபடும், வைத்தியம் செய்யும் முறைக்கு நம் சட்டத்தில் பேடன்ட் கிடையாது.

பேடன்ட் விண்ணப்பித்த நாளிலிருந்து 20 வருஷம். இந்த விண்ணப்பம் போட்டபோது பாப்பாவுக்கு ஏழு வயது, நோயே வரவில்லை. அந்த அகலமான கிளெய்ம் அப்படியே கிடைத்தால், அவளுக்கு 27 வயதாகும்வரை வேறு யாரும் தங்கள் வழியில் ஒரு மலிவான பட்டையைச் செய்து இங்கே விற்க முடியாமல் போகலாம். அண்ணன் மகன் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. "தூங்குகிறது" என்று அவன் திட்டிய ஃபைலில் யாரோ ஒருவர் உட்கார்ந்து இவன் மகளுக்கும் சேர்த்துத்தான் கேள்வி கேட்டிருக்கிறார்.

"பணம் போட்டவனுக்கு லாபம் வேண்டாமா?" என்று நான் கேட்டேன். "வேணும் டீச்சர். இல்லேன்னா அடுத்ததை யார் செய்வா?" என்றான். இன்சுலினைக் கண்டுபிடித்த பான்டிங்கும் கூட்டாளிகளும் 1923-ல் தங்கள் பேடன்டை டொரான்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள் என்று வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அதை எல்லாக் கம்பெனியிடமும் எதிர்பார்க்க முடியாது என்பதும் எனக்குத் தெரிகிறது. ஊசிக்கும் பூச்சுக்கும் கொடுக்கட்டும், ஊருக்குப் பட்டா வேண்டாம். என் கட்சி அவ்வளவுதான்.

இன்னொன்றும் அன்றுதான் தெரிந்துகொண்டேன். விண்ணப்பம் பப்ளிஷ் ஆன பிறகு, பேடன்ட் கொடுப்பதற்கு முன்னால், யார் வேண்டுமானாலும் காரணம் காட்டி எதிர்ப்பு எழுதலாம். 25(1) பிரிவு. பெடாகுவிலின் என்ற காசநோய் மருந்தின் பேடன்டை நீட்டிக்கும்படியான ஒரு விண்ணப்பத்தை எதிர்த்தவர்களில், காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் இருந்தார்கள். நம் நாட்டு நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலே. 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வக்கீலோ விஞ்ஞானியோதான் எழுத வேண்டும் என்று இல்லை.

"நாமும் எழுதலாமா அத்தை?" என்றான் அண்ணன் மகன். முதலில் குரூப்பில் போட்டதை எடு என்றேன். அவன் எடுக்கவில்லை. அதற்குக் கீழே "நான் தவறாகப் போட்டுவிட்டேன், அத்தை எழுதுவார்கள்" என்று மட்டும் போட்டிருக்கிறான். அதனால்தான் இந்தப் பதிவு.

எழுதுவதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. கம்பெனி கிளெய்மைத் தானே சுருக்கிக்கொண்டால் தேவையே இருக்காது. அதுவரை அந்தப் பதிலை நானும் அவனும் வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். நம் மாணவர்களில் வேதியியல் படித்தவர்கள், மின்முனைப் பூச்சு பற்றித் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். இரண்டு பக்கம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. மாலை ஆறு மணிக்கு மேல் செய்யுங்கள், பகலில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு படுத்திருப்பேன்.

பாப்பாவுக்கு இந்த மாதம் சென்சார் ஒட்டியிருக்கிறார்கள். இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.