பனிமலைக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு முகத்துணி



நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை அடுத்துள்ள எங்கள் கம்மாபுரத்தில், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொள்வது புதுமையன்று. வயலுக்குச் செல்லும் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்து மூக்கை மறைப்பார்கள். இருசக்கர வண்டியில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் கண்கள் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றிக்கொள்வார்கள். சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்றவன் நான். என் கழுத்தில் எந்நாளும் ஒரு பருத்தித் துண்டு கிடந்தது. சித்திரை வெயிலில் அதை நனைத்துப் பிடரியில் போட்டுக்கொண்டால் கிடைக்கும் சுகத்தை அனுபவித்தவர்களே அறிவர்.

இத்தகைய ஊரிலிருந்து பனிமலைக்குப் போகும் பிள்ளைக்கு முகத்துணி தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. சென்ற ஆண்டு எங்கள் இளைய மகள், கல்லூரித் தோழியர் சிலருடன் காஷ்மீரத்தின் குல்மார்க்கில் பனிச்சறுக்குப் பயிற்சி பெறத் தேர்வானாள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1968ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பட்ட பயிற்சி நிறுவனத்தைப் பற்றி அவள் முன்னரே படித்து வைத்திருந்தாள். குல்மார்க் பகுதியைச் சேர்ந்த ஆரிஃப் கான், 2022இல் பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கியதிலிருந்து அவளுக்கு அந்த ஆசை. பெற்றோராகிய எங்களுக்கோ ஒரே கவலை. சிறு வயது முதல் அவளுக்கு இளைப்பு உண்டு. மார்கழிப் பனிக்கே மூச்சு வாங்கும் பிள்ளை, உறைபனியில் என்ன செய்வாள்?

மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். குளிர்ந்த காற்று வறண்டதாகவும் இருப்பதால், மூச்சுக்குழலை அது சுருங்கச் செய்து இளைப்பைத் தூண்டக்கூடும் என்றார். "போகக் கூடாது என்று சொல்ல மாட்டேன். மூக்கும் வாயும் துணிக்குள் இருக்கட்டும். வெளிவிடும் மூச்சின் வெப்பமும் ஈரமும் துணியில் தங்கி, அடுத்து உள்ளே போகும் காற்றைப் பதப்படுத்தும். ஆனால் துணியே நனைந்து உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று கூறி, உறிஞ்சு மருந்தைக் கைப்பையில் வைக்காமல் உடலோடு ஒட்டிய உட்பையில் வைக்குமாறும் அறிவுறுத்தினார். குப்பி மிகவும் குளிர்ந்துவிட்டால் மருந்து சரியான அளவில் வெளிவராதாம்.

வீட்டில் அன்று இரவு ஒரு சபையே கூடிவிட்டது. என் மாமியார், அதாவது பிள்ளைகளின் நன்னி, தம் கையால் பின்னிய கனத்த கம்பளிக் குரங்குக் குல்லாவைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தார். "இதைவிடக் கதகதப்பு உலகத்திலே கிடையாது" என்றார். என் மனைவி நீளமான மப்ளர் ஒன்றை வைத்தார். மூத்த மகன் என் பழைய பருத்தித் துண்டைச் சுட்டிக்காட்டி, "அத்தாவை இத்தனை வருஷம் காத்தது இதுதானே!" என்று சிரித்தான். குளிர்காலத்தில் நம் ஊர்ப்பக்கம் கடைவிரிக்கும் திபெத்தியரிடம் வாங்கிய இரண்டு பொருள்களை மகள் எடுத்து வைத்தாள். ஒன்று, மெல்லிய மெரினோ கம்பளியால் ஆன, தலை வழியே மாட்டிக்கொள்ளும் குழாய் போன்ற கழுத்துத் துணி. மற்றொன்று, பஞ்சு போல் மெத்தென்ற பாலியஸ்டர் துணியில் தைத்த, தலையையும் கழுத்தையும் சேர்த்து மூடும் குல்லா.

இவற்றுள் எது தக்கது? ஊகித்துக்கொண்டிருப்பதைவிடச் சோதித்துப் பார்ப்பது நலமென்று தோன்றியது. ஐந்தையும் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வைத்தோம். காலையில் எடுத்துப் பார்த்தபோது, பருத்தித் துண்டு அட்டை போல் விறைத்து நின்றது. நன்னியின் குல்லா ஏராளமான தண்ணீரைக் குடித்துக் கல்லாகிக் கிடந்தது. மப்ளரின் நிலையும் ஏறக்குறைய அதுவே. மெல்லிய கழுத்துத் துணி விறைத்திருந்தாலும் கையால் கசக்கியதும் இளகிவிட்டது. பாலியஸ்டர் குல்லாவை உதறியபோது பனித்துகள்கள் பொலபொலவென உதிர்ந்தன.

வாசகர்களே, இதன் காரணத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். பருத்தி இழை ஈரத்தை உறிஞ்சி எளிதில் விடாது. அந்த ஈரம் மெல்ல ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நெய்வேலி வெயிலில் இதுவே நமக்குப் பேருதவி. பனியிலோ இதே குணம் பகையாகிவிடுகிறது. நம்மைக் குளிரிலிருந்து காப்பது உண்மையில் துணியன்று. துணியின் இழைகளுக்கிடையே சிறைப்பட்டிருக்கும் காற்றுதான். அந்தக் காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டால், காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக அது உடலின் வெப்பத்தைக் கடத்திவிடும். பாலியஸ்டர் இழை தண்ணீரைத் தனக்குள் ஏற்பதில்லை. கம்பளி இழை தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உள்வாங்கியும் ஓரளவு வெப்பம் காக்கும். ஆகவே எவ்வளவு தடிமன் என்பதைவிட, நம் மூச்சின் ஈரத்தைத் துணி என்ன செய்கிறது என்பதே முதற்கேள்வி.

நன்னியின் முகம் சற்று வாடியதைக் கண்டு, "உங்கள் குல்லாவும் வருகிறது நன்னி, ராத்திரி தூங்கும்போது போட்டுக்கொள்வேன்" என்றாள் பேத்தி. அவ்வாறே பெட்டியில் அதற்கும் இடம் கிடைத்தது.

மப்ளரை நான் ஒதுக்கியதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஓடும் கன்வேயரின் அருகே தொங்கும் துணியோடு எவரும் செல்லலாகாது என்பது சுரங்கத்தில் நாங்கள் முதல் நாளே கற்ற பாடம். உருளையில் நுனி சிக்கினால் மனிதனையே இழுத்துவிடும். பனிச்சரிவிலும், சறுக்கிக் கீழே வந்தவர்களை மீண்டும் மேலே இழுத்துச் செல்லும் கயிற்றுப் பொறிகள் உள்ளன. அங்கே நீண்ட தலைப்பும் முடிச்சும் கூடவே கூடாது. நுனியே இல்லாத குழாய்த் துணிதான் பாதுகாப்பு.

முக்காடு பற்றி உறவினர் சிலர் கேட்டனர். தலை, காது, பிடரி, கழுத்து அனைத்தையும் மூடும் குல்லாவை அணிந்து, அதன்மேல் தலைக்கவசமும் பனிக்கண்ணாடியும் மாட்டினால் அங்கே ஆணும் பெண்ணும் ஒன்றுபோலவே காட்சியளிப்பர். 2010இல் வான்கூவர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஈரானின் மர்ஜான் கல்ஹோர், அவ்விழாவில் பங்கேற்ற தம் நாட்டின் முதற் பெண்ணாகத் தலையை மறைத்தபடியே சறுக்கினார். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கவசத்தின் அடியில் அணிவது மெல்லியதாக இருத்தல் அவசியம். தடித்த துணியானால் கவசம் தலையில் சரியாகப் பொருந்தாது. விழுந்தால் காக்கவும் செய்யாது.

குல்மார்க் சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து கம்பிவட ஊர்தி ஏறத்தாழ 3,950 மீட்டர் வரை செல்கிறது. சுழியத்துக்குக் கீழே பத்து டிகிரிக் குளிரில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால், திறந்த தோலுக்கு அது சுழியத்துக்குக் கீழே இருபது டிகிரி போன்று உறைக்கும். சறுக்கும் வேகமே காற்றையும் உண்டாக்குகிறது. அதனால்தான் மூக்கு நுனி, கன்னம், காது மடல் ஆகியவை முதலில் பனிக்கடிக்கு உள்ளாகின்றன. வெயிலும் அங்கே நட்பல்ல. உயரே செல்லச் செல்ல ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு வீதம் புறஊதாக் கதிர் மிகுகிறது. புதுப்பனி அதில் எண்பது விழுக்காடு வரை திருப்பி அடிக்கிறது. மோவாயின் அடிப்பக்கம்கூடக் கருகும். முகத்துணி குளிருக்கு மட்டுமன்றி வெயிலுக்கும் காப்பாகிறது.

புறப்படுமுன் பனிக்கண்ணாடியையும் குல்லாவையும் சேர்த்து அணிவித்து, பலமாக மூச்சுவிடச் சொன்னோம். துணி மூக்கின்மேல் தளர்ந்திருந்தால் மூச்சு மேலேறிக் கண்ணாடியை மங்கச் செய்யும். கண் தெரியாமல் சரிவில் இறங்குவது எத்தகைய ஆபத்து! கண்ணாடியின் கீழ்விளிம்பு துணியின்மேல் படிந்து, மூச்சு வாய்ப்பக்கமாக வெளியேறும்படி இழுத்துச் சரிசெய்தோம். கழுத்துத் துணி ஒன்றுக்கு மூன்றாக வாங்கிக் கொடுத்தோம்.

அந்த மூன்றுதான் அவளைக் காத்தன என்பேன். ஐந்தாம் நாள் தொலைபேசியில் பேசினாள். "அத்தா, பதினொரு மணிக்கெல்லாம் வாய்ப்பக்கம் துணி விறைத்துவிடுகிறது. உடனே மாற்றிவிடுகிறேன். நனைந்ததைச் சட்டைக்குள் போட்டுக் காயவைத்துக்கொள்கிறேன். இளைப்பு இரண்டு தடவைதான் வந்தது, மருந்து எடுத்ததும் அடங்கிவிட்டது" என்றாள். பின்னர் குரலைத் தாழ்த்தி ஒரு செய்தி சொன்னாள். உடன் பயின்ற பெண்ணொருத்தி, நனைந்த பருத்திக் கைக்குட்டையை வெகுநேரம் முகத்தில் கட்டியிருந்தாளாம். அவளது கன்னத்தில் மெழுகு போன்று வெளுத்த ஒரு திட்டு. அவளுக்கோ வலியே தெரியவில்லை, உணர்வு மரத்துப்போயிருந்தது. பயிற்சியாளர் கண்டு உடனே அறைக்குள் அழைத்துச் சென்று, வெதுவெதுப்பான உள்ளங்கையை அதன்மேல் வைத்து மெல்ல மீட்டிருக்கிறார். தேய்க்கவில்லை, தணலில் காட்டவுமில்லை. உணர்வற்ற தோலைத் தேய்த்தால் புண்ணாகும். நெருப்பில் காட்டினால் சுடுவதே தெரியாமல் வெந்துவிடும்.

வலியில்லாமல் வருவதே பனிக்கடியின் கொடுமை. தன் முகத்தைத் தான் பார்க்க இயலாதாகையால், இருவர் இருவராகச் சென்று, அரைமணிக்கு ஒருமுறை ஒருவர் முகத்தை மற்றவர் பார்ப்பது அங்கே வழக்கமாம். எந்தத் துணியாலும் தர இயலாத பாதுகாப்பு இது.

இன்று நம் சமுதாயப் பிள்ளைகள் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் காஷ்மீரத்துக்கும் படிக்கவும் பணிபுரியவும் செல்கிறார்கள். அன்பினால் கனத்த துணிகளைப் பெட்டியில் திணித்து அனுப்பும் தாய்மார்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. மெல்லியதாக, ஈரத்தைத் தேக்காததாக, தொங்கும் நுனி இல்லாததாக வாங்குங்கள். ஒன்றுக்கு மூன்றாகக் கொடுத்தனுப்புங்கள். நனைந்ததும் மாற்றவேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். உடன் செல்லும் பிள்ளையின் முகத்தையும் பார்த்துக்கொள்ளுமாறு மறவாமல் கூறுங்கள். நம் பிள்ளையின் முகத்தைப் பார்க்க அங்கே நாம் இருக்கப்போவதில்லை அல்லவா?