விமானத்தில் நான் வரைந்த மூன்று கொடிகள்

 

மறைமலை நகரில் வசிக்கும் நான், ஒரகடம் பகுதியிலுள்ள ஒரு வாகனத் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பில் பணிபுரிகிறேன். தகட்டுக்கு நிறம் பூசுவது என் தொழில். இஷா தொழுகைக்குப் பின் கணினித் திரையில் பழைய போர் விமானங்களுக்கு நிறம் பூசுவது என் பொழுதுபோக்கு. அந்தப் பொழுதுபோக்கில் நான் ஒரு பொய் சொன்னேன். அது எங்கே போய் நின்றது என்பதை, என்னைப் போன்றோருக்குப் படிப்பினையாகலாம் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

'ஐஎல்-2 ஸ்டர்மோவிக்' என்பது 2001இல் வெளிவந்த ஒரு விமானப் போர் விளையாட்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்களை, அவற்றின் எடை, வேகம், இயந்திர வலிமை ஆகியவற்றைக் கணக்கிட்டு, மெய்யாகவே ஓட்டுவது போன்ற உணர்வுடன் கணினியில் ஓட்டச் செய்வது. அதில் ஒவ்வொரு விமானத்தின் மேற்பரப்பும் ஒரு தட்டையான படமாக விரிந்து கிடக்கும். தைத்த சட்டையைப் பிரித்து மேசைமேல் பரப்பினால் எப்படி இருக்குமோ, அப்படி இறக்கை ஒரு பக்கம், உடற்பகுதி ஒரு பக்கம், வால் ஒரு மூலையில் இருக்கும். நீளம் 1024 புள்ளிகள், அகலமும் அவ்வளவே. நிறங்கள் மொத்தம் 256. அந்தப் படத்தை மாற்றி வரைந்தால் விளையாட்டில் விமானத்தின் தோற்றமே மாறிவிடும். இதற்கு 'ஸ்கின்' என்று பெயர். உலகெங்கும் ஆர்வலர்கள் பணம் ஏதும் பெறாமல் இவற்றை வரைந்து பகிர்கிறார்கள். ஒரு படையணியின் பழைய புகைப்படத்தை அருகில் வைத்துக்கொண்டு, ரிவெட் வரிசையையும் புகைக்கறையையும்கூட விடாமல் வரைவோர் உண்டு.

இது வீண் வேலையல்லவா என்று என் மனைவி கேட்டதுண்டு. நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். உயிருள்ளவற்றின் உருவத்தை வரையவில்லை. தொழுகை நேரத்தை அதற்குக் கொடுக்கவில்லை. சுட்டு வீழ்த்தும் ஆட்டத்தைவிட வரலாற்றைத் தேடுவதிலேயே என் நேரம் சென்றது. ஆகவே மனம் அமைதி கொண்டது. என்னை நானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு என்பது பின்னர்தான் புரிந்தது.

அந்த விளையாட்டில் பிரிட்டனின் ஹரிக்கேன் விமானம் உண்டு. 1944இல் ஜப்பானியப் படை இம்பாலைச் சூழ்ந்தபோது, அர்ஜன் சிங் தலைமையில் இந்திய விமானப்படையின் முதலாம் படையணி ஹரிக்கேன்களில்தான் அங்கிருந்து பறந்தது. மேற்புறம் கரும்பச்சையும் மண்பழுப்பும் கலந்த நிறம். பிரிட்டிஷ் விமானங்களின் வழக்கமான வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்பு இருக்கும். ஜப்பானியச் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் வானில் தம்மவரையே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, இப்போர்முனை விமானங்களில் சிவப்பை நீக்கிக் கருநீலத்தையும் வெளிர்நீலத்தையும் மட்டும் வைத்தார்கள். விடுதலைக்குப் பின் அசோகச் சக்கரம் சில காலம் அவ்விடத்தில் இருந்தது. 1950 முதல் காவி, வெள்ளை, பச்சை வட்டங்கள் வந்தன. ஒரு நிறம் தவறினால் ஓர் உயிர் போகும் என்று அறிந்தவர்கள் தீட்டிய சின்னம் அது. அந்த இரு நீலங்களைச் சரியாகக் கொண்டுவர மூன்று இரவுகள் உழைத்தேன்.

அதன்பின் ஓர் ஆசை வந்தது. ஏர் சீஃப் மார்ஷல் இத்ரீஸ் ஹஸன் லத்தீஃப் அவர்களை நம்மில் பலர் அறிவோம். 1923இல் ஹைதராபாத்தில் பிறந்து, 1942இல் விமானப்படையில் அதிகாரியானவர். போர்க்காலத்தில் பிரிட்டன் சென்று ஹரிக்கேன், ஸ்பிட்ஃபயர் விமானங்களில் பயிற்சி பெற்று, பர்மா போர்முனையிலும் பணியாற்றியவர். பிரிவினையின்போது பாகிஸ்தான் படைக்குச் செல்ல வாய்ப்பிருந்தும் இந்தியாவிலேயே நின்றார். 1978 முதல் 1981 வரை இந்திய விமானப்படையின் தளபதியாக இருந்தார். அப்பொறுப்புக்கு வந்த முதல் முஸ்லிம் அவரே. 2018இல் மறைந்தார். அவர் பெயரில் ஒரு ஹரிக்கேன் வரைய விரும்பினேன்.

ஆனால் அவர் ஓட்டிய எந்த ஹரிக்கேனின் புகைப்படமும் என்னிடம் இல்லை. அதன் எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மனத்துக்குத் தோன்றிய ஓர் எழுத்தையும் ஓர் எண்ணையும் இட்டேன். பிறகு, விமானி அமரும் இடத்துக்குக் கீழே மூன்று சிறிய ஜப்பானியக் கொடிகளை வரைந்தேன். வீழ்த்திய பகை விமானம் ஒன்றுக்கு ஒரு கொடி என்பது அக்கால விமானிகளின் வழக்கம். பர்மா முனையில் இந்தியப் படையணிகளின் ஹரிக்கேன்களுக்குப் பெரும்பாலும் தரப்பட்டவை வேவு பார்க்கும் பணியும் தரைப்படைக்குத் துணைநிற்கும் பணியுமே என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் வரைந்தேன். நம்மவர், பெரும் வீரர், அவருக்கு மூன்று கொடிகள் கூடாதா என்று மனம் நியாயம் சொன்னது. படத்தை இணையத்தில் ஏற்றிவிட்டு உறங்கிவிட்டேன்.

ஈராண்டுகள் கழித்து எங்கள் பகுதியில் ஒரு சுதந்திர தின நிகழ்ச்சி நடந்தது. மேடைக்குப் பின்னால், நாட்டுக்கு உழைத்த முஸ்லிம்களின் படங்கள் நிறைந்த பெரிய பேனர். அதன் மூலையில் என் ஹரிக்கேன் இருந்தது. யாரோ அதைக் கறுப்பு வெள்ளையாக்கிச் சற்று மங்கலாக்கியிருந்தார்கள். எண்பது ஆண்டுப் பழைய புகைப்படம் போலவே தெரிந்தது. பத்து வயதுச் சிறுவன் ஒருவன் ஒலிபெருக்கி முன் நின்று, லத்தீஃப் அவர்கள் மூன்று ஜப்பானிய விமானங்களைச் சுட்டு வீழ்த்தினார் என்று மனப்பாடமாகச் சொன்னான். கைதட்டல் எழுந்தது. என் மகள் என் கையைப் பற்றி, "அத்தா, அது நீங்க வரைஞ்ச பிளேன்தானே?" என்றாள். நான் தலையை மட்டும் அசைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின், நிகழ்ச்சியை நடத்திய சகோதரரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்தார். "விடுங்க பாய். அவரு பெரிய ஆளுங்கறது பொய்யா? பிள்ளைங்களுக்கு ஒரு உற்சாகம் வரட்டுமே. இதுல யாருக்கு நஷ்டம்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. மறுநாள் ஷிஃப்டில் வந்தது. எங்கள் பெயிண்ட் ஷாப்பில் ஈ.டி. கோட், பிரைமர், பேஸ் கோட், கிளியர் கோட் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு ஏறும். அடியில் ஒரு தூசி தங்கிவிட்டால், மேலே ஏறும் பூச்சு அதை மூடுமே தவிரப் போக்காது. பளபளப்புக் கூடும்போது, சோதனை விளக்குகளின் கீழ் அது இன்னும் துலக்கமாகத் தெரியும். அப்போது அவ்விடத்தைத் தேய்த்தெடுத்து மீண்டும் பூச வேண்டும். லத்தீஃப் அவர்களின் வாழ்க்கைமேல் நான் வைத்த தூசிதான் அந்தக் கொடிகள். நாளை யாரேனும் அவற்றைப் பொய் என்று காட்டினால், அவரைப் பற்றி நாம் சொல்லும் மெய்யும் சேர்ந்து சந்தேகத்துக்குள்ளாகும். நஷ்டம் அவருக்கு, அவர் பெயரைச் சொல்லி நிமிர்ந்து நின்ற அந்தச் சிறுவனுக்கும்தான்.

போலிப் படங்களும் போலிச் செய்திகளும் என்ன துன்பம் தரும் என்பதை நம் சமுதாயம் நன்கறியும். நமக்கு எதிரான போலியைக் கண்டிக்கும் நாம், நமக்குச் சாதகமான போலியை மேடையேற்றலாமா? நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர்வதைத் திருக்குர்ஆனின் 17ஆம் அத்தியாயம் 36ஆம் வசனம் தடுக்கிறது. கேட்டதற்கும் பார்த்ததற்கும் உள்ளத்தில் கொண்டதற்கும் கணக்கு உண்டு என எச்சரிக்கிறது. விளையாட்டுக்கு வரைந்த ஒரு படமும் அந்தக் கணக்கில் வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

அந்தச் சிறுவனின் தந்தையிடம் அனுமதி பெற்று அவன் வீட்டுக்குச் சென்றேன். "தம்பி, அந்த மூணு கொடியும் உண்மையில்ல. நானா வரைஞ்சது" என்றேன்.

"அப்ப நான் மைக்ல சொன்னது பொய்யா மாமா?"

"பொய் சொன்னது நான். நீ நம்பிச் சொன்ன. தப்பு என்மேலதான்."

சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவரு நெஜமா என்ன செஞ்சாரு?" என்று கேட்டான். 1947ஐப் பற்றிச் சொன்னேன். உடன் பணிபுரிந்த அஸ்கர் கானும் நூர் கானும் பாகிஸ்தான் சென்று பின்னாளில் அந்நாட்டு விமானப்படைக்குத் தளபதிகளானதையும், இவர் இங்கேயே நின்று இந்நாட்டின் விமானப்படைக்குத் தளபதியானதையும் சொன்னேன். கவனமாகக் கேட்டான். "அதை பிளேன்ல எப்படி மாமா வரையறது?" என்றான். வரைய முடியாது என்றுதான் சொல்ல முடிந்தது.

அன்றிரவே கொடிகளையும் எழுத்தையும் எண்ணையும் பெயரையும் அழித்தேன். பர்மா முனையில் பறந்த ஓர் இந்திய ஹரிக்கேன் என்று மட்டும் குறிப்பிட்டு மீண்டும் பதிவேற்றினேன். இப்போது ஒவ்வொரு ஸ்கின்னுடனும் ஒரு சிறு குறிப்பை இணைக்கிறேன்: புகைப்படத்தில் கண்டு வரைந்தது எது, ஊகித்து வரைந்தது எது என்று.

தவ்பா என்பது வருந்துவதோடு முடிவதில்லை. கெடுத்ததை இயன்றவரை சரிசெய்யவும் வேண்டும். பரவிய பிரதிகள் எத்தனை கைகளில் இருக்கின்றன என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆகவே இங்கு எழுதுகிறேன். லத்தீஃப் அவர்களின் பெயரோடு, விமானி இருக்கைக்குக் கீழே மூன்று கொடிகள் கொண்ட ஹரிக்கேன் படம் உங்கள் கைபேசிக்கு வந்தால், அது என் கை வரைந்த பொய் என்று அனுப்பியவரிடம் சொல்லுங்கள்.

அல்லாஹ் நம் அனைவரின் பிழைகளையும் பொறுத்து, உண்மையின் மீது நம்மை நிலைநிறுத்துவானாக. வஸ்ஸலாம்.