பெல்வில்லின் இரண்டு குரல்கள்

பல ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பன் ஒருவனும் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். நான்கு இதழ்கள் வந்தன. ஐந்தாவது இதழுக்கான கட்டுரைகள் கையிலிருந்தபோதே பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டோம். சண்டை என்று சொல்லும்படி எதுவும் நிகழவில்லை. அங்கிள் டுப்பெலோ என்ற அமெரிக்க இசைக்குழுவைக் கேட்கும்போதெல்லாம் அவன் நினைவு வருகிறது. அந்தக் குழுவை எனக்கு அறிமுகப்படுத்தியவன் அவன்தான்.

இல்லினாய் மாநிலத்திலுள்ள பெல்வில், மிஸிஸிப்பி ஆற்றுக்கு அக்கரையிலிருக்கும் செயின்ட் லூயிஸ் நகரை அண்டிய ஊர். ஒருகாலத்தில் நிலக்கரிச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்தது. ஜே ஃபாரரும் ஜெஃப் ட்வீடியும் அங்கே பள்ளித் தோழர்கள். டிரம்ஸ் வாசித்த மைக் ஹைடோர்ன், ஃபாரரின் அண்ணன் வேட் ஆகியோருடன் பிரிமிட்டிவ்ஸ் என்ற பெயரில் அறுபதுகளின் ராக் பாடல்களை இசைத்துக்கொண்டிருந்தார்கள். வேட் விலக, எஞ்சிய மூவரும் 1987இல் அங்கிள் டுப்பெலோ ஆனார்கள்.

அவர்கள் வளர்ந்தது பங்க் இசையின் சீற்றத்தில். ஆனால் பெற்றோர் தலைமுறையின் கன்ட்ரி பாடல்களைப் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்கவில்லை. வேலையின்மையும் மதுவும் சலிப்பும் கொண்ட தம் ஊரைப் பாட அந்த மொழியும் அவர்களுக்குத் தேவைப்பட்டது. ராக்வில் என்ற சிறிய சுயாதீன நிறுவனம் 1990இல் வெளியிட்ட முதல் தொகுப்பின் பெயர் 'நோ டிப்ரெஷன்'. அமெரிக்கப் பெருமந்தத்தின்போது, 1936இல், கார்ட்டர் ஃபேமிலி பதிவு செய்த ஒரு பக்திப் பாடலிலிருந்து வந்த பெயர். மேலுலகில் இந்தப் பஞ்சம் இருக்காது என்று ஆறுதல் சொல்லும் பாடல் அது. இருபதுகளின் தொடக்கத்திலிருந்த இளைஞர்கள் அதைத் துளியும் கேலியின்றிப் பாடினார்கள். ஃபாரரின் குரலில் ஒரு கிழவரின் களைப்பு இருந்தது.

1992 ஜனவரியில் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சியை எட்டியது. இரைச்சலான கிட்டாருக்குச் சந்தை திறந்துவிட்ட நேரம். இரண்டே மாதங்களில் இவர்கள் ஜார்ஜியாவின் ஏதென்ஸ் நகருக்குச் சென்று, ஆர்.இ.எம். குழுவின் பீட்டர் பக் தயாரிக்க, ஐந்தே நாட்களில் ஒரு தொகுப்பைப் பதிவு செய்தார்கள். பெரும்பாலும் மின்னிணைப்பற்ற வாத்தியங்கள். சொந்தப் பாடல்களுக்கு நடுவே சுரங்கத் தொழிலாளரின் பழம்பாடல்கள். பதிவு செய்த தேதிகளே தலைப்பாயின: 'மார்ச் 16–20, 1992'. காற்றடிக்கும் திசைக்கு முதுகைக் காட்டி நின்ற அந்தத் துணிச்சல்தான் எங்களையும் அன்று சிற்றிதழ் நடத்தத் தூண்டியது என்று நினைக்கிறேன்.

பின்னர் ஹைடோர்ன் விலகினார். புதியவர்கள் சேர்ந்தார்கள். வார்னர் குழுமத்தைச் சேர்ந்த சைர் நிறுவனம் 1993இல் 'ஆனடைன்' தொகுப்பை வெளியிட்டது. குழு உயர்ந்துகொண்டிருந்தபோதே, சில மாதங்களில், விலகப்போவதாக ஃபாரர் அறிவித்தார். 1994 மே 1 அன்று செயின்ட் லூயிஸில் கடைசிக் கச்சேரி. ஃபாரர் சன் வோல்ட் குழுவைத் தொடங்கினார். ட்வீடியும் மற்றவர்களும் வில்கோ ஆனார்கள். 1995இல் இரு குழுக்களின் முதல் தொகுப்புகளும் வந்தன. அதே ஆண்டு, கன்ட்ரியும் ராக்கும் கலந்த இசைக்கென்று 'நோ டிப்ரெஷன்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை பிறந்தது. பெயர் நிலைத்தபோது குழு இல்லை.

பிரிவின் காரணங்களைப் பற்றி இருவரும் வெவ்வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அவை முக்கியமாகப் படவில்லை. 'ஆனடைனை' விரிசலைத் தேடிப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருவர் பாடும்போது மற்றவரின் குரல் சற்றுக் கீழே வந்து அணைத்துக்கொள்கிறது. அவ்வளவுதான் கேட்கிறது. பாட்டில் அவர்கள் ஒருவருக்கொருவர் பொய் சொல்லவில்லை என்றே தோன்றுகிறது.

அண்மையில் எங்கள் நான்காவது இதழை எடுத்துப் புரட்டினேன். தலையங்கம் நாங்கள் சேர்ந்து எழுதியது. எந்த வரி அவனுடையது, எது என்னுடையது என்று இப்போது எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு நினைவிருக்கலாம். கேட்க வேண்டும்.