ஆப்பும் பலகையும்

ஆப்பசைத்த குரங்கின் கதையை அறியாதார் நம் நாட்டில் இலர். தாண்டவராய முதலியார் 1826-ஆம் ஆண்டில் வெளியிட்ட பஞ்சதந்திர வசனத்தாலும், பாட்டிமார் வாய்மொழியாலும் அது நம் இல்லந்தோறும் புகுந்தது. பாதி அறுபட்ட மரத்தின் பிளவில் தச்சர் ஆப்பொன்றைச் செருகிச் சென்றனர். குரங்கு அதனைப் பிடுங்கிற்று. பிளவு மூட, உயிர் துறந்தது. வேண்டாத வினையிற் புகற்க என்று ஆசிரியர் பொருளுரைப்பர். தச்சர் அவ்வாப்பை அங்கே வைத்தது எற்றுக்கு என எம் வகுப்பில் எவரும் வினவியதில்லை.

விடை வைகையின் வடகரையில், ஒரு மரப்பட்டறையிற் கிடைத்தது. விடுதிப் புத்தக அலமாரிக்குப் பலகை அறுப்பிக்கச் சென்றிருந்தோம். எம்மினும் இரண்டு வயது இளையனான ஒருவன், 12 அடி நீளமுள்ள வேப்பம்பலகையின் இரு கடைகளையும் இரண்டு தாங்கிகளின்மேல் வைத்து, நடுவே அறுக்க மின்வாளை எடுத்தான். முதிய ஆசாரியார் பாய்ந்து அவன் கையைப் பற்றினார். அவருடைய இடக்கைச் சுட்டுவிரல் பாதியளவே இருந்தது.

“பலகைக்கும் கனமுண்டு, தம்பி” என்றார். வாள் இறங்க இறங்க, நடுப்பகுதி தன் கனத்தாலேயே தாழும். தாழவே, அறுத்த இடைவெளியின் மேல்விளிம்புகள் ஒன்றையொன்று நெருங்கி வாளைக் கவ்வும். முற்காலத்தில் ஒருவர் மேலேயும் ஒருவர் குழியிலும் நின்று ஈர்வாள் இழுத்தனர். கவ்வியவுடன் கை அதனை உணரும். இழுப்பதை நிறுத்தி ஆப்புச் செருகுவர். மின்வாளுக்கோ அவ்வுணர்ச்சி இல்லை. 7¼ அங்குல வட்டவாள் நிமிடத்துக்கு 5000 முறை சுழலுமாயின், அதன் பல் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவிற் செல்லும். எம் வைகை விரைவு வண்டியும் அவ்விரைவை எட்டியதில்லை! கவ்வப்பட்ட அந்நொடியே வாள் பின்னோக்கித் துள்ளும். பின்னே நிற்பவன் அறுப்பவனே.

ஆதலின் தாங்கிகள் நான்கு வேண்டும்: வெட்டுக்கோட்டின் இருமருங்கிலும் அதனை அடுத்து ஒவ்வொன்று, கடைகளிற் பக்கத்துக்கு ஒவ்வொன்று. அறுந்தபின்னும் இரு துண்டுகளும் கிடந்தபடியே கிடக்கும். வீழ்வது சிறு துண்டாயின் தடையின்றி வீழவிடலாம். உதவி செய்வதாக எண்ணிப் பலகையின் நுனியை ஒருவன் தூக்குவதே பெருங்கேடு. தூக்கினாலும் இடைவெளி மேற்புறம் மூடிக்கொள்ளும். அவர் விரல் போனதும் அவ்வாறே.

நிலையான அறுவை மேசையில் நீளவாட்டாக அறுக்கும்போது பலகை மேசைக்கு அப்பால் நீண்டு தலைசாயும். ஆங்கு மேசையின் உயரத்திலேயே உருளைத் தாங்கி வைக்க வேண்டும். வாளின் பின்னே மெல்லிய எஃகுத் தகடொன்று நின்று, அறுத்த பிளவு மூடாமற் காக்கும். கதையில் வந்த ஆப்பே அது, எஃகாக உருமாறியிருக்கிறது. பல பட்டறைகளில் அதனைக் கழற்றி மூலையில் எறிந்துவிடுகின்றனர் என்றார். குரங்கை நகைக்க நமக்கு என்ன உரிமை?

தாங்கி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறுவனை நிறுத்தும் வழக்கமும் உண்டு. கை சோரும், கண் அயரும், கட்டைக்கு அவை இல்லை. கட்டை வாங்கப் பணமில்லை என்பாருமுளர். அந்நான்கு தாங்கிகளையும் ஆசாரியார் கழிவுக் கட்டைகளைக் கொண்டு ஒரே முற்பகலிற் செய்து முடித்தாராம்.