சொல் நீங்கிய நாடகம்

உரையாடலுக்காகவே பெயர்பெற்ற ஒரு நாடகத்தைப் பேச்சில்லாப் படமாக எடுத்தால் அதில் என்ன எஞ்சும்? ஆஸ்கர் வைல்டின் ‘லேடி விண்டர்மியரின் விசிறி’ என்னும் ஆங்கில நாடகத்தை அதன் நகைமொழிகளுக்காகவே பலமுறை படித்திருந்தேன். அதன் மௌனப்படத்தைக் காண அமர்ந்தபோது இந்த ஐயமே என் மனத்தில் நின்றது.

அந்நாடகம் 1892 பிப்ரவரியில் இலண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறியது. செல்வக் குடும்பத்து இளம் மனைவி மார்கரெட். விண்டர்மியர் பிரபுவின் துணைவி. தன் கணவர் எர்லின் என்னும் பெண்ணுக்குப் பணம் கொடுப்பதை அறிந்து அவரை ஐயுறுகிறாள். எர்லினோ உண்மையில் அவளைக் குழந்தைப் பருவத்திலேயே விட்டுச் சென்ற தாய். தாய் இறந்துவிட்டாள் என்றே மகள் நம்பி வளர்ந்திருக்கிறாள்.

இதனை 1925இல் அமெரிக்காவில் படமாக்கியவர், பெர்லினில் பிறந்த எர்ன்ஸ்ட் லுபிட்ச். வைல்டின் நகைமொழிகளைத் திரையில் எழுத்தாகக் காட்டியிருந்தால் பார்வையாளர் மகிழ்ந்திருப்பர். அவரோ அவற்றை அடியோடு விலக்கினார். இது பெருந்துணிவு. இழப்பே இல்லை என்று நான் வாதிடமாட்டேன். மூன்றாம் அங்கத்தில் ஆடவர் கூடிப் பேசும் பேச்சின் சுவையைப் படத்தில் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஆயினும் குதிரைப் பந்தயக் காட்சியைப் பாருங்கள். நாடகத்தின் நான்கு அங்கங்களும் வீடுகளுக்குள்ளேயே நிகழ்பவை. இக்காட்சி லுபிட்ச் புதிதாகச் சேர்த்தது. பந்தயத்தைக் காண வந்தவர்களின் தொலைநோக்கிகள் குதிரைகளை விட்டு எர்லினின் பக்கம் திரும்புகின்றன. அவளுடைய உடை, அணிகலன், பிடரியில் நரைத்த மயிர் என ஒவ்வொன்றும் ஊரார் கண்ணில் அகப்படுகிறது. வம்புப் பேச்சு எப்படிப் பிறக்கிறது என்பதை ஒரு சொல்லும் இன்றி உணர்கிறோம். அதே கூட்டத்தில் மகளும் அமர்ந்திருக்கிறாள். தன் தாயைத்தான் ஊர் இப்படி அலசுகிறது என்பதை அவள் அறியாள். எர்லின் யார் என்பதைப் படம் தொடக்கத்திலேயே நமக்குச் சொல்லிவிடுவதால், அவளைத் தொடும் ஒவ்வொரு பார்வையும் நம்மையும் சுடுகிறது. நாடகத்தைப் படித்தபோது எனக்கு இந்த வலி நேரவில்லை.

பின்னர், கணவர்மீது கொண்ட சினத்தில் மகள் டார்லிங்டன் பிரபுவின் இல்லத்திற்குச் சென்றுவிடுகிறாள். பின்தொடர்ந்து வரும் தாய், அவளைத் திரும்பிப் போகுமாறு மன்றாடுகிறாள். அதற்குள் ஆடவர் வந்துவிட, இருவரும் ஒளிந்துகொள்கின்றனர். மகளின் விசிறி மட்டும் வெளியே கிடந்து ஆடவர் கண்ணில் படுகிறது. தாய் வெளிப்பட்டு அப்பழியைத் தன்மேல் ஏற்கிறாள். மகள் ஒருவரும் அறியாமல் நழுவிச் செல்கிறாள். பழியை ஏற்றவள் உறவைச் சொல்லவில்லை, மறுநாளும் சொல்லவில்லை. பேச்சுக்குப் புகழ்பெற்ற இந்நாடகத்தின் நடுவே ஒரு தாயின் பேசாமை இருக்கிறது. லுபிட்ச் அதைக் கண்டுகொண்டார் என்றே நான் கருதுகிறேன்.

அந்தப் பேசாமையை நன்கறிய, வைல்டின் இறுதி அங்கத்திற்குத்தான் திரும்பவேண்டும். விடைபெறும் எர்லின் அந்த விசிறியைத் தனக்குத் தருமாறு கேட்கிறாள். அதில் மார்கரெட் என்னும் பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. தாயின் பெயரும் அதுவே. மகள் அதனைத் தற்செயலான ஒற்றுமையாகவே எண்ணி, விசிறியை மகிழ்வுடன் கொடுக்கிறாள். தாய் அதைப் பெற்றுக்கொண்டு வெளியேறுகிறாள்.