ஒலிபெருக்கியின் முகத்துணி

மலாயாவில் வானொலியின் வரலாறு ஜொகூரில் தொடங்குகிறது. ஜொகூர் அரசாங்கத்தில் மின்பொறியாளராகப் பணியாற்றிய ஏ. எல். பர்ச் என்பவர் 1921ஆம் ஆண்டில் முதல் வானொலிக் கருவியை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார். ஜொகூர் வயர்லெஸ் சங்கத்தையும் தோற்றுவித்தார். 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரேடியோ மலாயா தன் பணியைத் தொடங்கியது. அதன்பின் வசதி படைத்த இல்லங்களின் நடுக்கூடத்தில் சாமி படத்திற்கு அடுத்த மதிப்பு வானொலிப் பெட்டிக்கே வாய்த்தது. அப்பெட்டியின் முகத்தில் பொன்னிழை ஓடிய துணியொன்று மின்னும். குழந்தைகளின் விரல் அதன்மேல் பட்டால் வீட்டுப் பெரியவரின் குரல் உயரும். எழுபதுகளில் இருபுறமும் ஒலிக்கும் ஸ்டீரியோ வந்தபோது, அதன் இரண்டு பெட்டிகளும் துணி போர்த்திய முகங்களுடனேயே வந்தன.

அத்துணி அழகுக்காகவே போர்த்தப்பட்டது என்று எண்ணுவோர் பலர். பழுதெல்லாம் அவ்வெண்ணத்திலிருந்தே பிறக்கிறது. ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது. அக்காற்றின் அதிர்வே ஒலி. தூசியையும் விரல்களையும் தடுத்து, அதிர்வை மட்டும் தடையின்றி வெளியே விடுவதே முகத்துணியின் கடமை. கதவாகவும் இருக்க வேண்டும், திறந்தும் கிடக்க வேண்டும் என்பது போன்ற வேலை அது.

ஜொகூரின் ஈரக்காற்று எந்தத் துணியையும் நெடுநாள் விட்டுவைப்பதில்லை. பருத்தி இழை இயல்பான காற்றிலேயே தன் எடையில் ஏறத்தாழ 8 விழுக்காடு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும். பாலியஸ்டர் இழையோ அரை விழுக்காட்டைக்கூட எட்டாது. மழைக்காலத்தில் பருத்தித் துணி தளர்ந்து தொய்வதும், சாம்பல் நிறப் பூஞ்சணம் படர்வதும் இதனாலேயே. துணிக்குப் பதிலாகச் சில பெட்டிகளுக்குப் பஞ்சுறை போட்டிருப்பார்கள். அது ஈரத்தில் மெல்லச் சிதைந்து, தொட்டால் புட்டுமாவைப் போல் உதிரும். அதைச் சீராக்க வழியே இல்லை. கரப்பான் கடித்த ஓட்டைகளையும், துணிக்குப் பின்னால் பல்லி இட்டுவைத்த முட்டைகளையும் பற்றிப் பழுது பார்ப்போர் சொல்லும் கதைகள் தனி.

கூலாய் வட்டாரத்தில் ஒரு வீடு. அவ்வீட்டு மூதாட்டி எண்பதைத் தாண்டியவர். கண் மங்கிவிட்டதால் பத்திரிகை படிக்க இயலாதவர். மின்னல் வானொலியின் தமிழ்ச் செய்தியே அவருக்கு உலகத்தைக் காட்டும் சன்னல். ஒரு தீபாவளிக்கு வீட்டை அழகுபடுத்திய மகன், கிழிந்து தொங்கிய முகத்துணியை அகற்றிவிட்டு, திரைச்சீலை தைத்து எஞ்சிய மெரூன் வெல்வெட்டை இழுத்து ஒட்டினார். வந்தவர் எல்லாரும் பாராட்டினர். சில நாள்களில் மூதாட்டி குறைப்பட்டுக்கொள்ளத் தொடங்கினார்.

“செய்தி வாசிக்கிறவங்க எல்லாம் வாய்க்குள்ளேயே பேசுறாங்கய்யா.”

“உங்களுக்குக் காது மந்தமாயிடுச்சும்மா. சத்தத்தைக் கூட்டி வைக்கிறேன்.”

சத்தம் கூடியது, சொல் தெளியவில்லை. காதுக் கருவி வாங்கும் பேச்சும் எழுந்தது. மூதாட்டி செய்தி நேரத்தில் கூடத்திற்கு வருவதையே குறைத்துக்கொண்டார். இரண்டு திங்கள் கழித்துத் தூசி துடைக்க வந்த பேரன் சட்டத்தைக் கழற்றி வைத்திருந்த வேளையில் வானொலி ஒலித்தது.

“தம்பி, இப்பத்தான் அந்தப் பொண்ணு வாயைத் தொறந்து பேசுது!” என்றார் மூதாட்டி.

இதில் வியப்பில்லை. உயிரொலிகளின் கனம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. ‘ச’ போன்ற மெய்யொலிகளின் கூர்மையோ உயர்ந்த அதிர்வுகளில் இருக்கிறது. அடர்ந்த மயிர்ப்பரப்புடைய வெல்வெட் முதலில் விழுங்குவது இவ்வுயர்ந்த அதிர்வுகளையே. முதுமையில் செவி முதலில் இழப்பதும் அவற்றையே. இரண்டு இழப்பும் ஒன்று சேர்ந்தால் ‘காசு’ எது, ‘காது’ எது என்று பிரித்தறிவது கடினம். ஒலியளவைக் கூட்டினால் உயிரொலிகளே மேலும் முழங்கும். அம்மூதாட்டியின் செவியில் ஓரளவு குறை இருந்தது உண்மை. எஞ்சியிருந்ததையும் துணி பறித்துக்கொண்டது.

மகன் வெல்வெட்டைக் களைந்துவிட்டுத் தங்காக் நகருக்குச் சென்றார். லேடாங் மலையடிவாரத்து அவ்வூர் துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்றது. பட்டும் பாத்தேக்கும் அடுக்கடுக்காக விரிக்கப்பட்ட இடத்தில் ஒருவர் துணியை வாயருகே பிடித்து ஊதிப் பார்த்தால் கடைக்காரர் வியக்கத்தான் செய்வார். ஆயினும் சோதனை அதுதான். ஊதிய மூச்சு மறுபுறம் வைத்த உள்ளங்கையில் தடையின்றிப் பட வேண்டும். விளக்கொளிக்கு நேரே பிடித்தால் இழைகளின் இடைவெளி தெரிய வேண்டும். நெருக்கமாக நெய்த பாத்தேக் பெரும்பாலும் இச்சோதனையில் தோற்கும். மெல்லிய வாயில் புடவைத் துணி தேறும். எனினும் முடிவான நடுவர் செவியே. ஒரு பெட்டியின் மேல் துணியைத் தொங்கவிட்டு, மற்றதைத் திறந்து வைத்து, ஒரே குரலை மாறி மாறிக் கேட்டால் ஐயம் தீரும். மகன் சந்தன நிறத்தில் ஒரு பாலியஸ்டர் வாயில் துணியைத் தேர்ந்தார்.

வேலை கடினமன்று; அவசரம்தான் கூடாது. மின்சாரத்தைத் துண்டித்துச் சட்டத்தைக் கழற்றி, துருப்பிடித்த ஆணிகளைத் தட்டை முனைத் திருப்புளியால் நெம்பி எடுக்க வேண்டும். வெளிர்நிறத் துணிக்குப் பின்னால் மரம் தெரியும் என்பதால், பெட்டியின் முகப்பலகைக்குக் கறுப்புச் சாயம் பூசினார். கூம்பின் மேல் ஒரு துளியும் படாதபடி அதைத் தாளால் மூடிக்கொண்டார். துணியை ஒரு மூலையில் தொடங்கி இழுத்தால் இழை கோணிவிடும். மேல்பக்க நடுவில் ஒரு ஆணி, அதற்கு நேர் எதிரே கீழ்ப்பக்க நடுவில் ஒன்று, பின் இடமும் வலமும். அங்கிருந்து சிறிது சிறிதாக மூலைகளை நோக்கி. பசை ஊறினால் இழைகளின் கண் அடைபடும். ஆகவே சட்டத்தின் பின்புறத்தில் மட்டும் ஆணி அடிப்பதே மேல். தொய்வாக விட்ட துணி பெரிய ஒலிக்கு நடுங்கி இரையும். அளவு மீறி இழுத்தது சட்டத்தையே வளைத்துவிடும்.

முதல் பெட்டியை முடிக்க அவருக்கு ஒரு முற்பகல் ஆயிற்று. இரண்டாவதன் மூலைகளைப் புடவைக் கொசுவம்போல் மடிக்கக் கற்றுக்கொடுத்தவர் அருகில் நாற்காலியிட்டு அமர்ந்திருந்த தாயார்தாம். கண்ணை நம்பாமல் விரலால் தடவியே மடிப்பைச் சரிபார்த்தார். கடைசி ஆணி இறங்கியபோது செய்திக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது.