மரம் எழுதும் டைரி

அறுத்துப் போட்ட மரக்கட்டையின் வளையங்களை நீங்களும் ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்திருப்பீர்கள். ஆண்டுக்கு ஒரு வளையம் என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் வயசை மட்டுமல்ல, மரம் பட்ட பாட்டையெல்லாம் அந்த வளையங்களில் படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாத சமாசாரம்.

மலைச்சரிவில் ஒரு தேவதாரு நிற்பதாக வைத்துக் கொள்ளுங்கள். மண் சரிகிறது. மரம் விழவில்லை, சாய்ந்து போகிறது, அவ்வளவுதான். சாய்ந்த மரம் சும்மா இருக்குமா? நிமிரப் பார்க்கும். அதிலிருந்து சாய்ந்த பக்கத்து வளையங்களை மட்டும் அகலமாகவும் கருமையாகவும் வளர்த்து, தனக்குத் தானே முட்டுக் கொடுத்துக் கொள்ளும். (தேக்கு, பேரி போன்றவை இதற்கு நேர்மாறு. மேல் பக்கத்தில் வளர்ந்து இழுத்துப் பிடிக்கும்.) வட்டமாக வந்த வளையம் எந்த ஆண்டில் கோணலாயிற்று என்று பார்த்தால், மண் சரிந்த ஆண்டு கிடைத்துவிடும். பாறை உருண்டு வந்து அடித்த காயமும் அப்படியே. பட்டை மூடிக் கொண்டாலும் உள்ளே தழும்பு இருக்கும். இதற்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. பென்சில் பருமனுக்கும் குறைவாகத் துளைத்து எடுத்து, பட்டையிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். ஒரு மரம் காற்றிலும் சாய்ந்திருக்கலாம் அல்லவா? ஆகையால் பல மரங்களை விசாரித்து, ஒத்துப் போகும் சாட்சியத்தைத்தான் ஏற்பார்கள்.

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரத்தை ஒட்டிய ஏரிக்குள், சரிந்த நிலத்தோடு மூழ்கிப்போன பழைய மரங்கள் இருக்கின்றன. பூகம்பத்தின் வேலை. அவை மாண்டது கி.பி. 923-24 குளிர்காலத்தில் என்று 2023-ல் கணக்குச் சொன்னார்கள். இங்கே முதற் பராந்தக சோழன் ஆண்டுகொண்டிருந்த காலம் அது! நம் இமயத்திலும் மனாலிப் பக்கத்து மரங்களைக் கொண்டு பழைய பனிச்சரிவுகளுக்கு ஆண்டு கண்டு, 2018-ல் வெளியிட்டார்கள்.

திருச்சி புத்தூரில் எனக்குப் பழக்கமான மரவாடி ஒன்றில் இதையெல்லாம் ஒருநாள் உற்சாகமாக அளந்துகொண்டிருந்தேன். கணக்குப்பிள்ளை பேரேட்டை மூடிவிட்டுக் கேட்டார். கயத்தாற்றுக்காரர், அதிகம் பேசாதவர்.

"பெட்டிமுடியில மரம் இல்லையா தம்பி?" என்றார்.

என் உற்சாகம் அடங்கிவிட்டது. 2020 ஆகஸ்டு 6-ந் தேதி இரவு, மூணாறு மலையில் பெட்டிமுடித் தேயிலைத் தோட்டத்து லயங்களின் மேல் மலை இறங்கியது. 70 பேர் மாண்டார்கள். கயத்தாற்று வழி வந்த குடும்பங்கள் பல. அவருடைய தங்கை குடும்பமும் அதில் ஒன்று.

"வரப்போவதை மரம் சொல்லாது அண்ணாச்சி. ஆனால் இதே வழியாக முன்னே எத்தனை தடவை வந்தது என்று சொல்லும். லயம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்வி" என்றேன்.

"ஏன் கேக்கல?"

கேட்டாலும் அந்த மலையில் பதில் கிடைப்பது கடினம். கேரளத் தேக்குகளிலிருந்து 523 ஆண்டு வளையக் கணக்கைப் புனா விஞ்ஞானிகள் 2010-ல் வெளியிட்டது உண்மைதான். ஆனால் தேக்கு தாழ்வான காடுகளில் வளர்வது. வறட்சியில் இலையுதிர்ப்பதால் அதில் வளையம் துலக்கமாக விழும். உச்சியில் உள்ள சோலை மரங்கள் ஆண்டு முழுதும் பச்சை. பலவற்றில் ஆண்டு வளையம் சரியாகத் தெரியாது. அந்தச் சோலையிலும் எவ்வளவோ தேயிலைக்காக அழிக்கப்பட்டுவிட்டது. இதை அவரிடம் எப்படிச் சொல்வது? தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"தங்கச்சி வீட்டுப் பக்கம் ஒரு பேரிக்கா மரம். பாதி சாஞ்சு, இன்னும் நிக்குது. அதுல அந்த ராத்திரி இருக்குமா?"

"இருக்கும் அண்ணாச்சி" என்றேன்.